ஐந்து சோப்புப் பெட்டிகளும் ஒரு சர்க்கரை பர்மிட்டும்

யுத்தம் நடந்த வருஷங்களில் மதுரையில் ஒரு கல்யாணம் நடக்க மூன்று தரப்பின் சம்மதம் வேண்டியிருந்தது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், அதற்கப்புறம் நான். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. இப்போது நினைத்தாலும் காது மடல் சூடாகிறது.

விஷயம் இதுதான். சர்க்கரையும் மண்ணெண்ணெயும் ரேஷன் கார்டுக்கு அளந்து கொடுத்த காலம். வீட்டில் விசேஷம் என்றால் கூடுதலாக வேண்டும். கூடுதலாக வாங்க பர்மிட் வேண்டும். பர்மிட்டுக்கு மனுப் போட வேண்டும். அந்த மனுக்களை வாங்குவதற்கென்றே ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் தற்காலிகமாக ஓர் ஆபீஸ் திறந்திருந்தார்கள். உள்ளறையில் ஆபீசர். நடுக்கூடத்தில் ஹெட்கிளார்க். வாசலைப் பார்த்த மேஜையில் நான். வாசலில் ஒரு சேவகர். அவ்வளவுதான் ஆபீஸ்.

என் வேலை சுலபமானது. மனுவை வாங்க வேண்டும், ரிஜிஸ்தரில் எழுதி நம்பர் போட வேண்டும், ஆபீசர் முன்னால் வைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், பர்மிட்டைச் சம்பந்தப்பட்டவர் கையில் கொடுக்க வேண்டும். பள்ளி இறுதி வகுப்புத் தேறிய யாரும் செய்யலாம். நான் தேறியிருந்தேன். அதனாலேயே அதை அவ்வளவு சுலபமாகச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மாசி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பங்குனி பாதியில் கூட்டம் ஆரம்பித்தது. வைகாசி முகூர்த்தங்களுக்கு இப்போதே மனு. சித்திரைத் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறவர்கள் விளக்குக்கு மண்ணெண்ணெய் கேட்டு மனு. காது குத்து, கருமாதி, புதுமனை புகுவிழா, எல்லாவற்றுக்கும் மனு. ஆபீஸில் வாங்குவது போதாதென்று வெளியிலும் வாங்கிக்கொண்டிருந்தேன். காபிக் கடையில் ஒருவர் டம்ளரோடு சேர்த்துக் கொடுப்பார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் இடத்தில் ஒருவர் கொடுப்பார். முகம் மழிக்க உட்கார்ந்தால், தன் மச்சினன் கல்யாணத்துக்கு என்று நாவிதர் பேச்சை எடுப்பார். கத்தி கழுத்தில் இருக்கும்போது முடியாது என்று யார் சொல்வார்கள்? எல்லாரிடமும் "பார்த்துக்கலாம்" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது உடம்பு கொஞ்சம் உயரமானதுபோல இருக்கும்.

மேஜைமேல் காகிதம் குவிந்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

நான் குடியிருந்த பழங்காநத்தத்தில் ஒரு மளிகைக் கடையில் சோப்பு வந்து இறங்கும் பலகைப் பெட்டிகள் சும்மா கிடந்தன. நான்கு பெட்டிகளைக் கேட்டு வாங்கி, சைக்கிளில் கட்டி ஆபீசுக்குக் கொண்டுவந்தேன். வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டினேன். 'இன்றே' என்று ஒன்று. 'நாளை' என்று ஒன்று. 'இந்த வாரம்' என்று ஒன்று. 'பார்க்கலாம்' என்று ஒன்று. விசேஷ தேதியைப் பார்த்து மனுவை அந்தந்தப் பெட்டியில் போட வேண்டியது. அவசரமானது முதலில் முடியும், மற்றது காத்திருக்கும்.

ஹெட்கிளார்க் தன் இடத்திலிருந்து எழுந்து வந்து பார்த்தார். அவருக்கு சர்க்கார் உத்தியோகத்தில் இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. அதிகம் பேசமாட்டார்.

"இது எதுக்கு தம்பி?"

"வேலையைத் தரம் பிரிக்கிறதுக்கு சார்."

"வந்த நம்பர் வரிசையிலேயே செஞ்சா ஆகாதா?"

"அது பழைய முறை சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேஷ்டித் தலைப்பில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "சரி, செய்யுங்க" என்று போய் உட்கார்ந்துவிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

முதல் வாரம் அந்தப் பெட்டிகள் மாதிரி அழகான பொருள் உலகத்தில் வேறில்லை என்று தோன்றியது. வீட்டிலும் அதையே பேசினேன். அரிசி களைவது 'இன்றே', கொடிக்கயிறு மாற்றுவது 'இந்த வாரம்' என்று என் மனைவிக்குப் பிரித்துக் கொடுத்தேன். அவள் கேட்டுவிட்டு, "எங்க அம்மா வீட்டுக்குப் போகணும்னு தைப் பொங்கல்ல இருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். அது எந்தப் பெட்டி?" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்கு மேல் அவள் பெட்டிகளைப் பற்றி விசாரிக்கவில்லை.

இரண்டாவது வாரம் ஜனங்கள் பெட்டிகளைப் புரிந்துகொண்டார்கள். வாசலில் நிற்பவர்களுக்கு என் மேஜை நன்றாகத் தெரியும். படிக்கத் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்குப் படித்துச் சொன்னார். அதன்பின் 'பார்க்கலாம்' பெட்டியில் விழ ஒருவரும் சம்மதிக்கவில்லை. "எனக்கு அந்த மொதப் பெட்டியில போடுங்க" என்று கை நீட்டிக் காட்டினார்கள். ஆறு வாரம் கழித்து நடக்கும் கல்யாணத்துக்கு, பெண்ணின் தாத்தா படுத்த படுக்கையாக இருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் முகூர்த்தத்தை முன்னால் தள்ளலாம் என்றார்கள். எனக்கும் மறுக்க வாய் வராது. 'இன்றே' பெட்டி நிரம்பி வழிந்தது. மற்றவை காற்று வாங்கின.

சேவகர் போன யுத்தத்தில் பஸ்ரா வரைக்கும் போய்த் திரும்பியவர். எழுத்து தெரியாது. ஒருநாள் பெட்டிகளைப் பார்த்தபடி நின்றுவிட்டு, "ஐயா, எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் போகுது. சும்மா கெடக்கிறதுல ஒண்ணைக் குடுத்தீங்கன்னா வீட்டுக்குக் கொண்டு போயிருவேன். கோழி அடைக்கு உக்காந்திருக்கு" என்றார்.

கொடுத்திருக்கலாம். நான் அதற்கு மாறாக ஐந்தாவதாக ஒரு பெட்டி கொண்டுவந்து 'மிக அவசரம்' என்று எழுதி ஒட்டினேன். மேஜைமேல் இடமில்லை. அதனால் அதைத் தரையில், என் மேஜை டிராயருக்கு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் வைத்தேன். அப்புறம் டிராயரைத் திறக்க முடியவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று விட்டுவிட்டேன்.

காலையில் வந்ததும் ஐந்து பெட்டிகளையும் கவிழ்த்து, தேதி பார்த்து, மறுபடி பிரித்துப் போடுவேன். நேற்று 'நாளை'யில் இருந்தது இன்று 'இன்றே'க்கு வர வேண்டும் அல்லவா? அது முடிய மத்தியானம் ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு வந்தால் புதிய மனுக்கள் காத்திருக்கும். அவற்றைப் பிரிப்பேன். ஒரு நாளைக்கு நான்கைந்து மனுக்கள் ஆபீசர் அறைக்குப் போனால் அதிகம். ஆனால் சாயங்காலம் வீடு திரும்பும்போது முதுகு வலிக்கும். முதுகு வலித்ததால் நிறைய வேலை செய்திருக்கிறேன் என்று நம்பினேன்.

எழுமலைக்காரர் முதலில் வந்தது பெட்டிகள் வந்த புதிதில். நாற்பத்தைந்து வயதிருக்கும். நிலக்கடலையும் சோளமும் போடும் சம்சாரி. மகளுக்கு வைகாசியில் கல்யாணம். உசிலம்பட்டிப் பக்கம் ஓடிய ரயில் யுத்தத்தோடு நின்றுபோயிருந்ததால், உசிலம்பட்டி வரை மாட்டு வண்டியிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் வந்திருந்தார். அரை மூட்டை சர்க்கரையும், பெட்ரோமாக்ஸ் விளக்குகளுக்கு இரண்டு டின் மண்ணெண்ணெயும் கேட்டு, வாத்தியார் ஒருவர் கையால் அழகாக எழுதி வாங்கி வந்த மனு.

தேதியைப் பார்த்தேன். "இன்னும் ஒன்றரை மாசம் இருக்கேண்ணே" என்றேன்.

"கடைசி நேரத்துல வந்து ஒங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதேன் இப்பவே வந்தேன் தம்பி."

அவருடைய பொறுப்பை மனதுக்குள் மெச்சியபடி மனுவை 'பார்க்கலாம்' பெட்டியில் போட்டேன். அவர் ஒருவர்தான் எந்தப் பெட்டி என்று கேட்கவில்லை.

சித்திரை பிறந்ததும் இரண்டாம் தடவை வந்தார். நான் பெட்டியைத் தட்டிக் காட்டி, "பத்திரமா இருக்குண்ணே. நாள் கிடக்கு" என்றேன். "சரி தம்பி, போய்ட்டு வாரேன்" என்று போனார்.

திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நானும் வைகை மணலில் கூட்டத்தோடு கூட்டமாக வெயிலில் நின்றேன். மறுநாள் காய்ச்சல். இரண்டு நாள் ஆபீசுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது ஹெட்கிளார்க் என் மேஜைக்கு வந்து ஏதோ சொன்னார். நான் அப்போது 'மிக அவசரம்' பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்து மூன்றா நாற்பத்து நான்கா என்பதில் சந்தேகம். தலையை ஆட்டிக்கொண்டே, "சரி சார், சரி சார்" என்றேன். அவர் என்ன சொன்னார் என்று திருப்பிக் கேட்டிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும்.

வைகாசி பிறந்து சில நாட்களில் ஆபீசரும் ஹெட்கிளார்க்கும் அழகர்கோவில் பக்கத்துக் கிராமங்களின் ரேஷன் கடைகளைப் பார்வையிட மூன்று நாள் காம்ப் போனார்கள். கோவிலுக்குப் பக்கத்தில் பங்களாவில் தங்கல். ஆபீசில் நானும் சேவகரும்தான். அந்த இரண்டாம் நாள் காலையில் எழுமலைக்காரர் வந்து நின்றார்.

"தம்பி, திங்கக்கெழமை முகூர்த்தம். பர்மிட்டைக் குடுத்தீங்கன்னா வாங்கிட்டுப் போயிருவேன்."

அன்று வியாழக்கிழமை.

'பார்க்கலாம்' பெட்டியில் கை விட்டேன். அதில் ஆறு மனுக்கள்தான் இருந்தன. அவருடையது இல்லை. 'இந்த வாரம்' பெட்டிக்கு மாற்றியிருப்பேன் என்று அதைக் கவிழ்த்தேன். இல்லை. 'நாளை'. இல்லை. 'இன்றே'. 'மிக அவசரம்'. எல்லாவற்றையும் தரையில் கொட்டி நானும் அவரும் குந்தி உட்கார்ந்து தேடினோம். அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். ஒவ்வொரு காகிதத்தையும் வெளிச்சத்தில் பிடித்து, தன் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்து அடுக்கி வைத்தார். ஒருமணி நேரம் ஆயிற்று. வாசலில் கூட்டம் சேர்ந்து எங்கள் இருவரையும் வேடிக்கை பார்த்தது.

"காணோம்ணே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கும் பதிலுக்கு ஏதாவது சொல்ல வாய்த்திருக்கும். "தொலஞ்சு போச்சா?" என்று மட்டும் கேட்டார். "மாப்பிள்ள வீட்டு ஆளுங்க எரநூறு பேரு வாராக. வெளிச்சம் இல்லாமக்கூட சமாளிச்சுருவேன். காப்பித்தண்ணி குடுக்காம எப்பிடித் தம்பி?"

அந்தக் கேள்விக்குப் பதிலாக நான் ஒரு வீர முடிவு எடுத்தேன். புது மனு ஒன்றை என் கையாலேயே எழுதி, அவரையும் கூட்டிக்கொண்டு அழகர்கோவிலுக்கே போய் ஆபீசரிடம் கையெழுத்து வாங்கிவிடுவது. எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். நான் கை நீட்டினேன். அவர் காகிதத்தை நான்காக மடித்து வேஷ்டி மடியில் செருகிக்கொண்டார்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும் தம்பி. ஒங்ககிட்ட நெறையக் கெடக்கு."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கேலி இல்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

நான் கிளம்புவது தெரிந்ததும் வாசலில் நின்றவர்கள் விடவில்லை. "ஆபீசர்கிட்டயேவா போறீங்க? அப்ப எங்களதையும் கொண்டு போங்க." கூடாது என்று சொல்ல வேண்டிய இடம் அது. "கொடுங்க, கொடுங்க" என்று எல்லாவற்றையும் வாங்கி ஒரு மஞ்சள் பையில் திணித்தேன். ரிஜிஸ்தரில் எழுத நேரமில்லை, வந்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதே பையில் என் மனைவி கட்டிக்கொடுத்திருந்த புளியோதரைப் பொட்டலமும் இருந்தது.

பெட்ரோல் கிடைக்காததால் அப்போது பஸ்களெல்லாம் கரியில் ஓடின. பஸ்ஸின் பின்பக்கம் ஓர் உலை இருக்கும். கிளீனர் கரியைப் போட்டு ஒரு சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அதை மூட்டுவார். அது சூடாகி, பஸ் மனசு வைத்தால் நகரும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். நாங்கள் இரண்டு இடத்தில் தள்ளினோம். எழுமலைக்காரர் தோளைக் கொடுத்துத் தள்ளினார். நான் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கையால் தள்ளினேன். கிளீனர், "குமாஸ்தா ஐயா தொட்டாலே போதும், வண்டி போயிரும்" என்றார். நான்கைந்து பேர் சிரித்தார்கள். எழுமலைக்காரரும் லேசாகச் சிரித்தார். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அழகர்கோவிலில் இறங்கும்போது வெயில் உச்சியில் இருந்தது. கோட்டைச் சுவர் ஓரமாகப் பங்களாவை நோக்கி நடந்தோம். "பையை மடக்கிப் பிடிங்க தம்பி, கொரங்கு இருக்கு" என்றார் அவர். இருபத்து நான்கு வருஷமாக மதுரையில் இருப்பவனுக்கு எழுமலைக்காரர் அழகர்கோவில் குரங்கைப் பற்றிச் சொல்வதா என்று எனக்குத் தோன்றியது. பையை இன்னும் வீசி நடந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

குரங்கு பின்னாலிருந்து வந்தது. பெரிய அவசரம் ஒன்றும் காட்டவில்லை. பையின் ஒரு காதைப் பிடித்தது. நான் மறு காதைப் பிடித்தேன். அது பல்லைக் காட்டியது. நான் விட்டுவிட்டேன்.

அது புளியமரத்தின் நடுக்கிளையில் போய் உட்கார்ந்து பையைப் பிரித்தது. முதலில் மனுக்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து கீழே போட்டது. பிறகு கை நிறைய எடுத்துப் போட்டது. சிலவற்றைக் கிழித்தது. அடியில் இருந்த பொட்டலம் கிடைத்ததும் நிதானமாகப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தது. இன்னும் ஏழெட்டுக் குரங்குகள் பங்குக்கு வந்தன. காகிதங்களில் பாதி காற்றில் கோட்டைச் சுவரைத் தாண்டிப் போயின. மீதியைப் பொறுக்கப் போனால் குரங்குகள் விரட்டின. எழுமலைக்காரர் ஒரு கம்பை எடுத்து அவற்றை அதட்டி, பதினோரு மனுக்களை மீட்டுக் கொடுத்தார். சிலவற்றில் புளியோதரை எண்ணெய் ஊறியிருந்தது. நான் அந்த நேரம் முழுவதும், "சர்க்கார் காகிதம், சர்க்கார் காகிதம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததாக அவர் பிற்பாடு சொன்னார். யாரிடம் சொன்னேன் என்பது எனக்கு ஞாபகமில்லை.

பங்களா தாழ்வாரத்தில் ஆபீசர் சாப்பாட்டுக்கு முன்னால் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார். என் சட்டையில் ஒரு பித்தான் இல்லை. எழுமலைக்காரர் மடியிலிருந்து தன் மனுவை எடுத்து, விரலால் நீவி, இரண்டு கையாலும் நீட்டினார். "திங்கக்கெழமை கல்யாணம் எசமான்" என்றார். ஆபீசர் படித்துப் பார்த்தார். இதற்காகவா இவ்வளவு தூரம் என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்து மனுமேலேயே உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குப் போன உயிர் வந்தது.

அந்தச் சமயத்தில் ஹெட்கிளார்க் குளித்துவிட்டு நெற்றியில் திருநீற்றோடு உள்ளேயிருந்து வந்தார். காகிதத்தை வாங்கிப் பார்த்தார். எழுமலைக்காரரைப் பார்த்தார். பிறகு என்னை.

"இந்தப் பேருக்கு ஏற்கெனவே கையெழுத்து ஆயிருச்சே தம்பி. நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தப்ப, பழைய நம்பரா இருக்குன்னு அந்தப் 'பார்க்கலாம்' பெட்டியில இருந்த பதினேழு மனுவையும் எடுத்து முடிச்சு, பர்மிட் எழுதி, அந்த ஸ்டூலை நகர்த்தி உங்க டிராயர்ல வெச்சேன். வந்தன்னிக்குச் சொன்னேனே. சரி சார்ன்னீங்களே."

"டிராயர்லயா சார்?" என்றேன்.

"முடிஞ்சதை வைக்கிறதுக்குன்னு நீங்க பெட்டி எதுவும் வைக்கலையே. அதான் டிராயர்ல வெச்சேன்."

ஆபீசர் கையை நீட்டினார். ஹெட்கிளார்க் மனுவை அவரிடம் கொடுத்தார். அவர் தான் சற்றுமுன் போட்ட கையெழுத்தைக் குறுக்காக அடித்தார். எழுமலைக்காரர் அந்தப் பேனா போன வழியைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். ஒரு கணம் கையில் இருந்த இன்னொரு அரை மூட்டைச் சர்க்கரை போகிறதே என்று அவர் நினைத்திருந்தால் அதில் தப்பில்லை.

பிறகு நான் மஞ்சள் பையின் விஷயத்தைச் சொன்னேன். எத்தனை மனு என்று ஆபீசர் கேட்டார். முப்பது இருக்கலாம் என்றேன். "இருக்கலாமா?" என்றார். ரிஜிஸ்தரில் எழுதவில்லை என்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் திட்டவில்லை. ஈஸிசேரில் மறுபடி சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "நீங்க போய் முதல்ல அந்த டிராயரைத் திறங்க" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். பாதி வழியில் அவர் மடியிலிருந்து வறுத்த கடலை எடுத்து எனக்கும் ஒரு கை கொடுத்தார். "சாப்பாட்டத்தேன் கொரங்கு தின்னுருச்சே" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். "மன்னிச்சுக்கங்கண்ணே" என்று சொல்ல அப்போதுதான் வாய் வந்தது. "கெடச்சுருச்சுல்ல. விடுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஒண்ணு தம்பி. மொத நாளே என் பொண்ணுக்குத் தாத்தா சாகக் கெடக்காருன்னு நானும் ஒரு பொய்யச் சொல்லிருக்கணும்" என்றார். கடலைத் தோல் எனக்குப் புரையேறியது.

ஆபீஸில் 'மிக அவசரம்' பெட்டியைத் தூக்கி நகர்த்தி டிராயரை இழுத்தேன். பதினேழு பர்மிட்டுகள், நூல் கட்டி, நம்பர் வரிசையில் இருந்தன. மூன்றாவது அவருடையது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கடை அடைப்பதற்குள் போக வேண்டும் என்று கிளம்பினார். அந்தக் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். என்னையும் அழைத்திருந்தார். போக லீவு கேட்கும் நிலையில் நான் அப்போது இல்லை.

மறுநாள் காலை மஞ்சள் பைக்காரர்கள் வந்தார்கள். நடந்ததை உள்ளபடியே சொன்னேன். ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "ஆபீஸ்ல எலி தின்னுருச்சுன்னு சொல்லுவாக, கேட்டிருக்கேன். கொரங்கு இப்பத்தேன் கேக்குறேன்" என்றார். மனு தொலைந்தவர்கள் மறுபடி எழுதிக் கொடுத்தார்கள். ஹெட்கிளார்க் காம்பிலிருந்து வந்ததும் என் நாற்காலிக்குப் பக்கத்தில் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு மனுவை எடுப்பார், நம்பர் போடுவார், முடித்து டிராயரில் வைப்பார், அடுத்ததை எடுப்பார். நான் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். நான்கு நாளில் மேஜை பலகை தெரிந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அதனால் எனக்குச் சமாதானம் ஏற்படவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

டிராயரில் மீதியிருந்த பதினாறு பர்மிட்டுகளை நானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது ஆபீசர் உத்தரவு. பதினொன்றுக்கு நாள் இருந்தது. ஐந்துக்கு விசேஷமே முடிந்துவிட்டது. அந்த ஐந்தில் ஒன்று பழங்காநத்தத்தில், என் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. தினமும் நான் ஆபீசுக்குப் போகிற வழி. வாசலில் கட்டிய மாவிலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே ஆறு நாள் போய் வந்திருக்கிறேன்.

கல்யாணப் பெண்ணின் அம்மா வெளியே வந்தார். பர்மிட்டை நீட்டிக் காரணம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் முழுவதும் கேட்கவில்லை. "உக்காருங்க தம்பி" என்று உள்ளே போய், ஒரு தட்டில் அதிரசமும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். "சர்க்கரை வரல. எல்லாம் வெல்லத்துலயே பண்ணிட்டோம். லட்டுதேன் போட முடியல. சம்பந்தி வீட்ல ஒரு சொல்லு வந்துச்சு. யுத்த காலம்னு சொல்லி வெச்சோம்" என்றார்.

யுத்தத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் அதிரசம் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. இரண்டாவதும் சாப்பிட்டேன். வேண்டாம் என்று சொல்லும் தகுதிகூட எனக்கு இல்லை என்று தோன்றியது.

"இத இப்ப வாங்கி வளைகாப்புக்கு வெச்சுக்கலாமா?" என்றார் அவர்.

"அது முடியாதும்மா. கல்யாணத்துக்குன்னு எழுதினது. தேதியும் போச்சு. வளைகாப்புக்குப் புதுசா மனுப் போடணும்."

"எம்புட்டு நாளைக்கு முன்னாடி போடணும்?"

கல்யாணமாகி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. அவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. உள்ளே பார்த்து ஒரு தாளும் பென்சிலும் கொண்டுவரச் சொன்னார். பெண்ணின் சித்தி கொண்டுவந்து கொடுத்தார். நாள் நெருங்கட்டும், அப்போது பார்த்துக்கலாம் என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

"இப்ப வாங்கிக்க மாட்டோம்மா. மூணு மாசம் முன்னாடி ஆபீசுக்கு வாங்க. அன்னிக்கே நம்பர் போட்டுக் கையில சீட்டுக் குடுத்திருவேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை. "சரி தம்பி" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுத்து விளாங்குடியில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நான் சைக்கிளை எடுத்தேன்.